ஸ்கேட்போர்டர்கள் தெருவில் இடம் பிடிக்கும் விதம் ஏன் மாறிக்கொண்டே வந்தது?

கேள்வி இது: 1970களின் படங்களில் தண்ணீர் இல்லாத நீச்சல்குளம், 90களின் வீடியோக்களில் நகரச் சதுக்கம், 2000 வாக்கில் இருபது படி உள்ள பள்ளிக்கூடப் படிக்கட்டு, இப்போது வரும் வீடியோக்களில் வெடித்துப்போன நடைபாதை. தெருவில் ஸ்கேட் செய்பவர்களின் ரசனை ஏன் இப்படி மாறியது?

ரசனை மாறியது உண்மைதான். ஆனால் அது பின்னால் வந்தது. முதலில் மாறியவை இரண்டு: சக்கரம் எந்தத் தரையைத் தாங்கும் என்பதும், யாராவது வந்து விரட்டும் முன் எத்தனை நிமிடம் கிடைக்கும் என்பதும். இரண்டாவதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. ஐம்பது வருட மாற்றத்தில் பாதிக்கு மேல் அதில்தான் அடங்கியிருக்கிறது.

முதலில் சக்கரம். 1960களின் போர்டுகளில் இருந்தது களிமண் கலந்து செய்த கெட்டிச் சக்கரம். வழியில் ஒரு சின்னக் கல் கிடந்தாலும் போர்டு அங்கேயே நிற்கும், ஆள் மட்டும் முன்னே போவார். 1970களின் தொடக்கத்தில் பிராங்க் நாஸ்வொர்த்தி யூரித்தேன் சக்கரத்தை ஸ்கேட்போர்டுக்குக் கொண்டுவந்தார். கேடிலாக் வீல்ஸ் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. யூரித்தேன் தரையைப் பிடித்துக்கொள்ளும், அதனால் சரிவில் சாய்ந்து திரும்ப முடிந்தது. லாஸ் ஏஞ்சலஸின் மேற்குப் பகுதியில் குன்றை வெட்டிக் கட்டிய பள்ளிகள் உண்டு. பால் ரெவர், கென்டர் கேன்யன் போன்ற அந்தப் பள்ளிகளின் மைதான ஓரங்களில் தார் பூசிய சரிவுகள் இருந்தன. அலை சறுக்கிப் பழகிய பிள்ளைகளுக்கு அதுவே அலை. 1976-77இல் கலிஃபோர்னியாவில் கடும் வறட்சி வந்தது. வீட்டு நீச்சல்குளங்கள் காலியாகவே கிடந்தன. அடியில் தேங்கிய தண்ணீரை இறைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிடும் வரை ஓட்டுவார்கள். நிமிடக் கணக்கு அப்போதே தொடங்கிவிட்டது.

70களின் கடைசியில் கட்டணம் வாங்கும் ஸ்கேட் பார்க்குகள் முளைத்தன. காப்பீட்டுச் செலவு கட்டுப்படியாகாமல் 80களின் தொடக்கத்துக்குள் பெரும்பாலானவை மூடப்பட்டன. மிஞ்சியவர்கள் வீட்டுப் பின்புறத்தில் மரச் சரிவு கட்டினார்கள், அல்லது தெருவுக்கு வந்தார்கள். தெரு விளையாட்டுக்குரிய இடமாக மாறியதற்குக் காரணம் ஒரே ஒரு அசைவு: ஆலி. ஃப்ளோரிடாவின் ஆலன் கெல்ஃபாண்ட் 70களின் கடைசியில் சரிவுகளில் கையால் பிடிக்காமல் போர்டோடு எழும்பிக் காட்டினார். ரோட்னி மல்லன் 80களின் தொடக்கத்தில் அதைச் சமதரைக்குக் கொண்டுவந்தார். அதுவரை சரிவு இருந்தால்தான் ஸ்பாட், அதாவது ஸ்கேட் செய்யத் தகுந்த இடம். அதன்பிறகு உயரம் இருந்தாலே போதும்: நடைபாதை விளிம்பு, கார் நிறுத்துமிடத்தின் காங்கிரீட் தடுப்புக்கட்டை, பெஞ்சு. கலிஃபோர்னியாவில் வண்டி நிறுத்தக் கூடாது என்று சிவப்புப் பெயின்ட் அடித்த விளிம்புகள் மற்றவற்றைவிட நன்றாக வழுக்கும். சிமென்ட்டின் துளைகளைப் பெயின்ட் அடைத்துவிடுவதுதான் காரணம். மார்க் கொன்சாலஸும் நாட்டஸ் கௌபஸும் 80களின் பிற்பகுதியில் படிக்கட்டுக் கைப்பிடிக் கம்பியில் ஏறி வழுக்கியதும், நகரத்தில் ஸ்பாட் ஆக முடியாத பொருள் என்று கிட்டத்தட்ட எதுவுமே இல்லை என்றாயிற்று.

90களின் முற்பகுதியில் சக்கரம் திடீரென்று சுருங்கியது. போர்டைக் காலால் சுழற்றும் வித்தைகள் பெருகின. சக்கரம் சிறிதாக இருந்தால் போர்டு தரைக்கு நெருக்கமாக, இலகுவாக இருக்கும். 40 மி.மீ. அளவுச் சக்கரங்கள் சாதாரணமாயின. இதன் விலையைத் தரையில் கொடுக்க வேண்டியிருந்தது. கணக்கு எளிது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே 3 செ.மீ. இடைவெளி இருந்தால் 52 மி.மீ. சக்கரம் அதற்குள் கிட்டத்தட்ட 5 மி.மீ. இறங்கும், 40 மி.மீ. சக்கரம் ஏறக்குறைய 7 மி.மீ. இறங்கும். இடைவெளி 2 செ.மீ. என்றால் முதலாவதற்கு 2 மி.மீ., இரண்டாவதற்கு 2.7 மி.மீ. ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றும். இறங்கிய சக்கரம் எதிர் விளிம்பில் மோதி ஏற வேண்டும், அதன் ஆரமோ 20 மி.மீ.தான். அந்த மோதலில் வேகம் போய்விடும், ஆலிக்கு வைத்த கால் நகர்ந்துவிடும். ஆகவே அந்தக் காலத்துச் சக்கரத்துக்கு நெருக்கிப் பதித்த தரை தேவைப்பட்டது. அது கிடைத்த இடம் நகரச் சதுக்கம்.

அமெரிக்க நகரங்களின் பழைய மையப் பகுதிகளை இடித்துப் புதுப்பித்த காலத்தில் கட்டிய சதுக்கங்கள் இவை. கிரானைட், பளிங்கு, அகலமான தாழ்ந்த படிகள், முதுகு சாயாத கல் பெஞ்சுகள் எல்லாம் இருக்கும், மாலையானால் மட்டும் ஆள் இருக்காது. மனிதர் வசதியாக உட்காரும் உயரம் 40 முதல் 45 செ.மீ. ஆலி அடித்து ட்ரக்கை, அதாவது சக்கர அச்சைத் தாங்கும் உலோகப் பாகத்தை, விளிம்பில் ஏற்றித் தேய்ப்பதற்கும் அதே உயரம் கச்சிதம். கட்டடக் கலைஞர்கள் தங்களுக்கே தெரியாமல் ஒரு தலைமுறைக்குப் பயிற்சிக்கூடம் கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

சான் பிரான்சிஸ்கோவின் ஜஸ்டின் ஹெர்மன் பிளாசா (இப்போதைய பெயர் எம்பார்கடேரோ பிளாசா), ஸ்கேட்டர்கள் வாயில் ஈஎம்பி, இதில் ஒரு விதிவிலக்கு. அதன் தரை செங்கல், ஓடும்போது கால் அதிரும். ஆனால் அன்று நாள் முழுக்க அங்கேயே இருக்கலாம். ஒரே பெஞ்சில் ஐம்பது, அறுபது தடவை முயன்று பார்க்கலாம். இன்றைய நுணுக்கமான வித்தைகளில் பல அங்கே பிறந்ததற்குக் காரணம் இந்த நேரம்தான். நல்ல தரையும் பத்து நிமிடமும் ஒரு பக்கம், சுமாரான தரையும் முழு நாளும் இன்னொரு பக்கம் என்றால், வித்தை வளர்வது இரண்டாவதில்.

ஃபிலடெல்ஃபியாவின் லவ் பார்க்கில் இரண்டும் கிடைத்தன. 1965இல் திறந்த அந்தச் சதுக்கத்தில் கிரானைட் விளிம்புகள் வரிசையாக இருந்தன. தரைக் கற்பலகைகளில் சில கழன்று கிடக்கும், அவற்றின் ஒரு முனையை உயர்த்தி வைத்தால் குப்பைத்தொட்டியைத் தாண்ட ஏறுபலகை தயார். 2001, 2002இல் எக்ஸ் கேம்ஸ் என்ற சாகச விளையாட்டுப் போட்டியை வரவேற்ற நகரம், அதே காலகட்டத்தில் இந்தச் சதுக்கத்தில் ஸ்கேட்டிங்கைத் தடைசெய்து இடத்தையும் மாற்றிக் கட்டியது. சதுக்கத்துக்கு வித்திட்ட நகரத் திட்டமிடலாளர் எட்மண்ட் பேக்கன் 2002 அக்டோபரில், 92 வயதில், தலைக்கவசம் போட்டுக்கொண்டு அங்கே ஸ்கேட்போர்டில் ஏறித் தன் எதிர்ப்பைக் காட்டினார். 2004இல் ஸ்கேட் காலணி செய்யும் டிசி ஷூஸ் நிறுவனம் பராமரிப்புக்கு 10 லட்சம் டாலர் தர முன்வந்தது, நகரம் மறுத்துவிட்டது.

90களின் பிற்பகுதியில் எல்லா ஊர்ச் சதுக்கங்களிலும் காவல் இறுகியது. இங்கேதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பெரிய படிக்கட்டுகளின் காலம் வந்தது வெறும் துணிச்சல் மோகத்தால் அல்ல. நிமிடங்கள் குறைந்ததும் அதற்குக் காரணம். பெஞ்சு வித்தை ஒன்றைச் சுத்தமாக முடிக்க இரண்டு மணி நேரம் பிடிக்கலாம். பதினாறு படி தாண்டுவதை உடம்பே பத்துப் பதினைந்து முயற்சிக்கு மேல் தாங்காது, அதனால் அரை மணி நேரத்தில் ஏதோ ஒரு முடிவு தெரிந்துவிடும். அந்த அரை மணி நேரம் வார இறுதியில் பூட்டிக் கிடக்கும் பள்ளிகளில் கிடைத்தது. கூடவே இன்னொன்றும் நடந்தது. ஸ்கேட்டிங்கை அபாயமுள்ள பொழுதுபோக்குகளின் பட்டியலில் சேர்த்து, நகராட்சிகளின் சட்டப் பொறுப்பைக் குறைக்கும் சட்டம் கலிஃபோர்னியாவில் 1998இல் நடைமுறைக்கு வந்தது. பொதுப் பார்க்குகள் மளமளவென்று எழும்பின. பழகுவது பார்க்கில், தெருவுக்கு வருவது படம் எடுக்க மட்டும் என்று ஆனது. ஸ்பாட் என்பது பொழுதைக் கழிக்கும் இடமாக இருந்தது போய், படப்பிடிப்புத் தளமானது. 1995இல் வந்த சோனி விஎக்ஸ்1000 கேமராவும் அதில் மாட்டிய மீன்கண் லென்ஸும் படிக்கட்டை அருகிலிருந்து பிரம்மாண்டமாகக் காட்டின.

யார் பெரியதைத் தாண்டுவது என்ற படிக்கட்டுப் போட்டியின் உச்சங்கள் தெரிந்தவைதான். 1997இல் சான் டியேகோவின் பாய்ன்ட் லோமா பள்ளியில் ஜேமி தாமஸ் சுமார் 5.7 மீட்டர் உயரத்திலிருந்து குதித்தார். போர்டு உடைந்தது, ஆள் தப்பினார். பிற்பாடு அந்த இடத்தில் பள்ளி நிர்வாகம் லிஃப்ட் கட்டிவிட்டது. லேக் ஃபாரஸ்டில் எல் டோரோ பள்ளியின் இருபது படிகள். பிரான்ஸின் லியோனில் இருபத்தைந்து படிகள்: அலி பூலாலா முயன்று முடியாமல் போன அதை, 'ஜாஸ்' என்று அழைக்கப்படும் ஆரன் ஹோமோகி 2015இல் தாண்டினார்.

பெரிய இடங்களில் தோல்வி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் உயரத்திலிருந்து அல்ல, ஓட்டத்திலிருந்துதான். இருபது மீட்டராவது நேராக ஓடி வேகம் எடுக்க வேண்டும். ஓடுபாதை முடிந்து படி தொடங்கும் இடத்தில் குறுக்கே ஒரு விரிசல் இருந்தால் ஆலி அடிக்கும் கணத்தில் பின்சக்கரம் தட்டும். வேகம் போதவில்லை என்றால் ஆள் கடைசிப் படியில் விழுவார், கணுக்காலும் குதிகாலும் அங்கேதான் போகின்றன. ஓடுபாதை புல்தரை என்றால் 122×244 செ.மீ. பிளைவுட் பலகைகளை வரிசையாகப் போடுவார்கள். போடும் முறை முக்கியம்: கிளம்பும் பக்கத்துப் பலகையின் முனை அடுத்த பலகையின் மேல் ஏறி இருக்க வேண்டும். அப்போது சக்கரம் ஒவ்வொரு இணைப்பிலும் கீழே இறங்கும். மாற்றிப் போட்டால் ஒவ்வொரு இணைப்பும் முகத்துக்கு எதிரே நிற்கும் தடுப்பு. பலகைக்கு அடியில் குழி இருந்தால் நடுவில் தொய்ந்து வேகத்தை உறிஞ்சிவிடும், 12 மி.மீ. பலகையைவிட 18 மி.மீ. பலகை இதற்குத் தேவலாம்.

இன்னொரு எழுதாத விதியும் இடத் தேர்வை நகர்த்தியது. ஏபிடி என்பார்கள்: ஓர் இடத்தில் ஏற்கெனவே ஒருவர் செய்து வெளியான வித்தையை இன்னொருவர் செய்து வெளியிடுவது கௌரவமில்லை. பேர் போன படிக்கட்டு ஒவ்வொன்றிலும் பட்டியல் நீளநீள, மிஞ்சியவை உயிரைப் பணயம் வைக்கும் வித்தைகள் மட்டுமே. ஒன்று அதைச் செய்ய வேண்டும், அல்லது யாரும் பார்க்காத இடத்தைத் தேடிப் போக வேண்டும்.

பலரும் போனார்கள். 1992 ஒலிம்பிக்கையொட்டி பார்சலோனா தன் சதுக்கங்களைப் புதுப்பித்திருந்தது. ரிச்சர்ட் மையர் வடிவமைத்த மாக்பா அருங்காட்சியகம் 1995இல் திறந்தது, அதன் முன்னால் வழவழப்பான கல்தரையும் நீளமான விளிம்புகளும். மழை குறைவு, காவல் தளர்வு. 2000 தொட்டு உலகத்தின் எல்லாக் குழுக்களும் குளிர்காலத்தில் அங்கேதான். 2006இல் நகரம் பொது இடங்களில் நடந்துகொள்வது பற்றிய கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்து அபராதம் போடத் தொடங்கியது. ஷென்சென், குவாங்சோ, ஷாங்காய் என்று சீன நகரங்களை நோக்கி அடுத்த அலை போனது. அங்கே கட்டி முடித்துக் குடிவராத வளாகங்களில் பளிங்கு பளபளத்தது. ஆனால் மெருகேற்றிய பளிங்குத் தரையில் தூசி படிந்தால் கால் வைத்துத் தள்ளும்போதே வழுக்கும். படப்பிடிப்புக் குழுவில் ஒருவருக்குத் துடைப்பம்தான் வேலை.

அமெரிக்காவில் அதே சமயம் விளிம்புகளில் உலோகக் குமிழ்கள் வரத் தொடங்கின, ஸ்கேட் ஸ்டாப்பர் என்ற பெயரில். ஒரு கிரைண்ட், அதாவது ட்ரக்கால் விளிம்பைத் தேய்க்கும் வித்தை, ஏறி, நின்று, இறங்க ஒரு மீட்டருக்கு மேல் தடையில்லாத விளிம்பு வேண்டும், குமிழ்களை அதைவிட நெருக்கமாகப் பதித்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. அவற்றைப் பெயர்த்தெடுத்தவர்கள் உண்டு. அது சொத்தைச் சேதப்படுத்தும் குற்றம், கல்லும் உடைந்து இடமும் போகும். உண்மையில் குமிழைவிடக் கொடிய தடுப்பு, விளிம்புக்கு முன்னால் ஒன்றரை மீட்டருக்கு உருண்டைக் கல் பதிப்பது. குமிழ் விளிம்பை மட்டும் கெடுக்கும். கரடான தரையில் ஆலியே எழும்பாது.

2010க்குப் பிறகு வந்த 'கரடான ஸ்பாட்' மோகம் இந்த இடத்தில் புரிந்துவிடும். சக்கரங்கள் மறுபடி 52-56 மி.மீ. ஆகியிருந்தன. நல்ல இடங்களில் குமிழ், காவல், ஏபிடி பட்டியல். யாருக்கும் தேவைப்படாத இடத்தில், அதாவது பாலத்துக்கு அடியிலோ, கதவடைத்த தொழிற்சாலையின் பின்புறத்திலோ, வேர் தூக்கிய நடைபாதையிலோ, யாரும் விரட்ட மாட்டார்கள். ஸ்வீடனின் மால்மோவில் பொண்டஸ் ஆல்வ் தொடங்கிய போலார், பிரான்ஸின் மெஜெந்தா போன்ற சின்ன ஸ்கேட்போர்டு நிறுவனங்கள் இதற்கு ஒரு அழகியலையும் கொடுத்தன: மூன்று படியானாலும் அதை எப்படி அணுகுகிறாய் என்பதே விஷயம். அதில் உண்மை இருக்கிறது. கூடவே கொஞ்சம் பாவனையும் இருக்கிறது. பக்கத்தில் நல்ல விளிம்பு சும்மா இருக்க, வேண்டுமென்றே வெடித்த சுவரைத் தேர்ந்தெடுக்கும் வீடியோக்களில் வித்தையைவிட விரிசல்தான் நடிக்கிறது.

அத்தகைய இடங்களை அப்படியே யாரும் பயன்படுத்துவதில்லை, கொஞ்சம் பழுது பார்ப்பார்கள். வெளியார் கண்ணுக்குத் தெரியாத இந்த வேலையில்தான் பாதி நேரம் போகிறது. விரிசலை அடைக்கக் கார் பட்டறையில் பள்ளம் நிரப்பும் பாண்டோ பேஸ்டைப் பயன்படுத்துவார்கள். முதலில் கம்பி பிரஷால் மண்ணைச் சுரண்டி எடுத்து, தூசியை ஊதி, ஈரம் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். ஈரத்தில் பூசினால் முதல் நாளே பெயர்ந்து வந்துவிடும். ஆழமான பள்ளம் என்றால் அடியில் சிறு கற்களை இட்டு மேலே மட்டும் பேஸ்ட். கெட்டியாக்கி எடையில் சுமார் 2 சதவீதம் போதும். சீக்கிரம் காயட்டும் என்று அள்ளிப் போட்டால் கலக்கும்போதே இறுகிவிடும், இறுகியதும் நொறுங்கும். தட்டையான பிளாஸ்டிக் தகட்டால் தரை மட்டத்துக்கு இழுத்துவிட வேண்டும். மேடாக விட்டால் பள்ளத்தைவிட அது மோசம். வெயில் நாளில் கால் மணி நேரத்தில், ரப்பர் பதத்தில் இருக்கும்போதே மிச்சத்தைச் சீவி எடுப்பது சுலபம். போகும் திசைக்குக் குறுக்கே உள்ள விரிசல் தட்டிவிடும். போகும் திசையிலேயே ஓடும் விரிசல் சக்கரத்தை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். நேரம் ஒன்றுக்குத்தான் என்றால் இரண்டாவதை முதலில் அடைப்பார்கள்.

காங்கிரீட் விளிம்புக்கு வேறு வைத்தியம். கூர்முனையைக் கார்போரண்டம் கல்லால் தேய்த்து மூன்று, நான்கு மி.மீ. வளைவாக்குவார்கள். அதன்மேல் நிறமற்ற லேக்கர் இரண்டு கோட். அது காய்ந்த பிறகே மெழுகு. லேக்கர் இல்லாமல் மெழுகு தேய்த்தால் காங்கிரீட் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மெழுகு அதிகமானால் ட்ரக் பூட்டிக்கொள்ளாமல் காலுக்கு அடியிலிருந்து நழுவும், ஆள் முதுகில் விழுவார். ஆகவே கொஞ்சமாகத் தேய்த்து, ஓட்டிப் பார்த்து, போதாவிட்டால் மட்டும் சேர்ப்பது வழக்கம். வெளிர் நிறக் கல்லில் மெழுகு கருப்பாகப் படியும். சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும் கட்டட உரிமையாளர்கள்கூட அந்தக் கறையைப் பார்த்ததும்தான் காவலாளியை நியமிப்பார்கள்.

இடம் தேடும் வேலையும் மாறிவிட்டது. முன்பு காரில் சுற்றுவார்கள், இப்போது கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் தெருத் தெருவாக நகர்கிறார்கள். அதில் ஏமாற்றமும் உண்டு. கேமரா கார் கூரைக்கு மேலிருந்து பார்ப்பதால் படிகள் தாழ்வாகத் தெரியும். தரையின் கரடு தெரியாது. படிக்கு மேலே ஓட இடம் இருக்கிறதா என்பது மறைந்திருக்கும். படம் எடுத்து ஐந்து வருடமாகியிருந்தால் குமிழ் வந்திருக்கலாம். அதனால் அனுபவமுள்ளவர்கள் பட்டியலை மட்டும் அங்கே எடுத்து, நேரில் போய் இறங்குமிடத்தை முதலில் பார்ப்பார்கள். பிறகு ஓடுபாதை, பிறகு விளிம்பு, கடைசியில் காவலாளி எந்தக் கதவிலிருந்து வருவார் என்பது. இறங்குமிடம் சாலை என்றால் வண்டி பார்க்க இருவர் வேண்டும். இரவு என்றால் விளக்கும் ஜெனரேட்டரும் வேண்டும், ஆனால் ஜெனரேட்டர் சத்தம் நிமிடங்களைப் பாதியாக்கும்.

நிமிடங்களைத் திரும்ப வாங்கும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. 1990இல் போர்ட்லாண்டின் பர்ன்சைட் பாலத்துக்கு அடியில் ஸ்கேட்டர்கள் அனுமதி கேட்காமலே காங்கிரீட் போட்டுக் கட்டினார்கள், நகரம் பின்னால் ஏற்றுக்கொண்டது. லண்டனில் 70களிலிருந்து ஸ்கேட் செய்துவந்த சவுத்பேங்க் அடித்தளத்தைக் கடைகளாக்கும் திட்டம் எழுந்தது. அதற்கு எதிரான இயக்கம் 2014இல் அந்த இடத்தைக் காப்பாற்றியது, அடைத்து வைத்திருந்த பகுதியில் ஒரு பங்கு 2019இல் திரும்பத் திறந்தது. லாஸ் ஏஞ்சலஸில் மேற்கு எல்.ஏ. நீதிமன்றச் சதுக்கத்தின் குமிழ்களை 2014இல் அனுமதியோடே எடுத்தார்கள். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்துக்கு அடியிலிருந்த செங்கல் சரிவுப் பகுதி 2010இல் பால வேலைக்காக மூடப்பட்டு, 2023இல் ஒரு பங்கு திறந்தது. பார்க்குகளும் தெருவை நகலெடுக்கின்றன. ஒலிம்பிக் 'ஸ்ட்ரீட்' மைதானத்தில் படி, கம்பி, விளிம்பு எல்லாம் உண்டு, விரிசலும் விரட்டலும் கிடையாது. பார்க்கச் சுவாரசியம் குறைவதற்குக் காரணம் அதுதான் என்பது என் கட்சி.

லவ் பார்க்கின் கதை இப்படி முடிந்தது: 2016 பிப்ரவரியில், இடிப்பதற்கு முன்பு, மேயர் சில நாட்களுக்குத் தடையை விலக்கினார். குளிரில் கூட்டம் கூடி ஓட்டியது. பெயர்த்தெடுத்த கிரானைட்டில் ஒரு பகுதி கப்பலேறி ஸ்வீடனின் மால்மோவுக்குப் போனது. ஸ்கேட்டிங்குக்கென்றே ஒரு ஒருங்கிணைப்பாளரை நகராட்சி நியமித்த ஊர் அது. ஃபிலடெல்ஃபியாவில் அபராதம் விதித்த அதே விளிம்புகளில், மால்மோவில் நேரக் கணக்கு இல்லாமல் தேய்க்கலாம்.